வீட்டுக்குச் சிறிய சோலார் அமைப்பு: பொருள்களை எங்கே தேடி, எப்படிப் பார்த்து வாங்குவது?

கடலோரம் | 2025 ஆகஸ்ட் 10

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஒரு சிற்றூரில் என் வீடு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குத் திரும்பக் கரண்ட் வர இருபத்தாறு நாள் ஆனது. அந்த இருபத்தாறு இரவுகளும் அம்மாவுக்குப் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறிய அளவிலாவது சோலார் போட்டுவிட வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். பணம் சேர இத்தனை ஆண்டு ஆகிவிட்டது.

எனக்குத் தேவை அதிகமில்லை. நான்கு எல்.இ.டி. பல்புகள், இரண்டு சீலிங் ஃபேன்கள், மூன்று கைப்பேசிகள், செய்தி பார்க்க ஒரு 32 அங்குல டி.வி. மிக்சி, கிரைண்டர், மோட்டார் எதுவும் இதில் ஓட வேண்டியதில்லை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் விசாரித்தேன். 335 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி ஒன்று, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 20 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர், சாதாரண ஹோம் யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்க்கு ‘செட்’டாகத் தருவதாகச் சொன்னார்கள். இதை வாங்கலாமா, அல்லது தனித்தனியாகத் தேடி வாங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பட்டறைக்காரர் | 2025 ஆகஸ்ட் 10

வணக்கம் தம்பி. தஞ்சாவூர்ப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வயரிங் வேலை செய்கிறேன். முன்பணம் கொடுக்குமுன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வாங்கி வாருங்கள்: அந்த 20 ஆம்பியர் கன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். வகையா, எம்.பி.பி.டி. வகையா?

ஏன் கேட்கிறேன் என்றால், 335 வாட் பேனல் என்பது பெரும்பாலும் 72 செல் பேனல். வேலை செய்யும்போது அது ஏறத்தாழ 38 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் தரும். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒரு சுவிட்சைப் போன்றதுதான்; பேனலை அது பேட்டரியோடு நேரடியாக இணைக்கும், துண்டிக்கும், மீண்டும் இணைக்கும். ஆகவே பேனலும் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கி வந்துவிடும். ஆம்பியர் அதே 8.8தான். பெருக்கிப் பாருங்கள், 115 வாட்கூடத் தேறாது. 335 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். மீதி பேனலிலேயே சூடாகப் போய்விடும். எம்.பி.பி.டி. என்றால் 38 வோல்ட்டை 13 வோல்ட்டாக மாற்றும்போது ஆம்பியரை அதற்கேற்ப உயர்த்தித் தரும். இழப்பு நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கும்.

நான் பழுது பார்க்கப் போகும் வீடுகளில், ‘வெயில் நன்றாக அடிக்கிறது, பேட்டரி மட்டும் நிரம்புவதே இல்லை’ என்பார்கள். அவற்றில் பாதிக்கு மேல் இந்தப் பொருத்தக் கோளாறுதான்.

ஓய்வுபெற்ற பொறியாளர் | 2025 ஆகஸ்ட் 11

மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் வேறு ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். அரசு மானியம் கிடைக்குமே, அதை ஏன் விட வேண்டும் என்று பலரும் உங்களிடம் சொல்வார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்புக்குத்தான். பேட்டரியை நம்பித் தனியே நிற்கும் அமைப்புக்கு அந்த மானியம் வராது.

இன்வெர்ட்டர் என்பது டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் பெட்டி. கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அது குறை அன்று. ஆனால் புயலுக்கு மறுநாள், வெயில் கொளுத்தும் நேரத்திலும், கூரை நிறையப் பேனல் வைத்திருக்கும் வீடு இருட்டில்தான் இருக்கும். உங்கள் நோக்கம் புயல்கால இருட்டு என்பதால் பேட்டரி அமைப்புதான் உங்களுக்கு உரியது.

இதில் பணம் மிச்சமாகும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நீங்கள் பட்டியலிட்ட பொருள்கள் நாளுக்கு ஒரு யூனிட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்தான் ஆகும். அந்த இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நீங்கள் செலவழிக்கப் போவது அம்மாவின் உறக்கத்துக்காக. அந்தக் கணக்கிலேயே இதைப் பாருங்கள். அப்போது எங்கே சிக்கனம் கூடும், எங்கே கூடாது என்பது தெளிவாகும்.

கணக்கு டீச்சர் | 2025 ஆகஸ்ட் 11

பொறியாளர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் மின்கம்பி வராத தோட்டத்து வீட்டில் நான்கு ஆண்டுகளாகச் சோலாரை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தம்பி: பேனலில் தொடங்காதீர்கள். கடைக்காரர் எப்போதும் பேனலில் தொடங்குவார், ஏனெனில் கண்ணுக்குத் தெரிவது அதுதான். நீங்கள் ஃபேனில் தொடங்குங்கள்.

9 வாட் பல்பு நான்கு, மாலையில் ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாட் மணி. டி.வி. 45 வாட், மூன்று மணி நேரம், 135. கைப்பேசிகளுக்கு 45 வைத்துக்கொள்வோம். மொத்தம் 360. இப்போது வீட்டிலிருக்கும் சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன், பத்து மணி நேரம், 1500. ஆக மொத்தம் 1860. அதே இரண்டு ஃபேனையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ஒன்று 28 வாட். பத்து மணி நேரத்துக்கு 560. மொத்தம் 920 ஆகிவிடுகிறது (1000 வாட் மணிதான் ஒரு யூனிட்). இரண்டு ஃபேனுக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய் ஆகும். அந்த 6,000 ரூபாய் உங்கள் பேட்டரியையும் பேனலையும் பாதியாக்கிவிடுகிறது. வேறு எதில் போட்டாலும் 6,000 ரூபாய்க்கு இந்தப் பலன் வராது.

இன்வெர்ட்டரில் இழப்பு உண்டு, 920ஐ 0.85ஆல் வகுத்தால் பேட்டரியிலிருந்து நாளொன்றுக்கு 1080 எடுக்க வேண்டும். கடைக்காரர் சொன்ன 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரியில் 1800 வாட் மணி இருக்கிறது. ஆனால் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் நாள்தோறும் எடுத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். பாதி என்றால் 900. ஒரு முழு நாளைக்கே போதாது. வெயிலில்லாத மறுநாளுக்கு எதுவும் மிஞ்சாது.

ஒன்றை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் தின்னும். என்னுடையது 15 வாட். நாள் முழுதும் ‘ஆன்’ செய்தே வைத்திருந்தால் 360 வாட் மணி, அதாவது உங்கள் பல்பு, டி.வி., கைப்பேசி மூன்றும் சேர்ந்து எடுக்கும் அதே அளவு. பொருளைப் பார்க்கும்போது ‘நோ லோட் எவ்வளவு’ என்று கேளுங்கள்; காலை எழுந்ததும் அதை நிறுத்தும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் ஏற்படுத்துங்கள். இந்த இழப்பே வேண்டாம் என்றுதான் சென்னை ஐ.ஐ.டி.யில் 48 வோல்ட் டி.சி.யிலேயே விளக்கும் விசிறியும் ஓடும் ஏற்பாட்டை உருவாக்கி, ராஜஸ்தானில் ஜோத்பூர்ப் பகுதி வீடுகளில் பொருத்தினார்கள். அந்த வகைப் பொருள்கள் நம் கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்காததால் நாம் இன்வெர்ட்டரோடுதான் போக வேண்டியிருக்கிறது.

கடலோரம் | 2025 ஆகஸ்ட் 14

மூவருக்கும் மிக்க நன்றி. கடையில் கேட்டேன், பி.டபிள்யூ.எம்.தான் என்றார்கள். ‘எல்லோருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம், ஒரு புகாரும் வந்ததில்லை’ என்றும் சொன்னார்கள். செட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் சொன்னபடி வீட்டில் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். நாளுக்கு ஒரு யூனிட்டுக்குக் கீழேதான் வருகிறது. அப்படியானால் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? பேனல் எத்தனை வாட்? வீட்டுக் கூரை ஓடு என்பதால் பேனலைப் பின்புற மாட்டுக்கொட்டகையின் கான்கிரீட் தளத்தில்தான் வைக்க முடியும். அங்கிருந்து பேட்டரி வைக்கும் இடத்துக்கு ஒயர் இருபது மீட்டர் வரும்.

பட்டறைக்காரர் | 2025 ஆகஸ்ட் 14

இருபது மீட்டர் என்று சொன்னதே பதிலைத் தந்துவிட்டது. போக 20, வர 20, ஆக 40 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இந்த நீளத்துக்கு 0.19 ஓம் அளவில் தடை இருக்கும். 10 ஆம்பியர் ஓடினால் 1.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 18 வோல்ட் பேனலில் 1.9 போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நட்டம். 54 வோல்ட்டாக அனுப்பினால் அதே 1.9 என்பது நூற்றுக்கு மூன்றரைதான். ஆகையால் சிறிய பேனல்கள் என்றால் அவற்றைத் தொடராக, அதாவது ஒன்றன் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவோடு இணைத்து, வோல்ட்டை உயர்த்தி அனுப்புங்கள். பேட்டரியை 24 வோல்ட்டாக வையுங்கள்.

பேனல் எத்தனை வாட் என்றால், 1080ஐ வெப்பம், தூசி, சார்ஜ் இழப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.75ஆல் வகுத்தால் 1440. நம் பக்கம் முழு வெயில் நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 290 வாட் போதும். ஆனால் நீங்கள் இதை நம்பப்போவது ஐப்பசி, கார்த்திகையில். வெயில் மூன்று மணி நேரமாகச் சுருங்கினால் 480 வாட் வேண்டும். ஆகவே 540 வாட். இப்போது ஒரே பேனலாகவே 540 வாட் கிடைக்கிறது, வாட் கணக்கில் அதுதான் மலிவும்கூட.

கணக்கு டீச்சர் | 2025 ஆகஸ்ட் 15

540 வாட் சரி. ஒரே பேனல் என்பதில் மட்டும் அண்ணனோடு மாறுபடுகிறேன். அந்தப் பேனல் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், எடை 27, 28 கிலோ. புயல் எச்சரிக்கை வந்த இரவில் இந்தத் தம்பி தனியாளாக அதைக் கழற்றி இறக்க முடியாது. காற்றில் அது ஒரு பாய்மரம்.

180 வாட், 36 செல் பேனல் மூன்று வாங்கட்டும். ஒவ்வொன்றும் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோதான். ஒரு ஆள் தலையில் வைத்து இறக்கலாம். மூன்றையும் தொடரில் போட்டால் வேலை வோல்ட் 54 அளவிலும், எதோடும் இணைக்காத திறந்த நிலையில் 67 அளவிலும் வரும். 100 வோல்ட் தாங்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலருக்கு அது பாதுகாப்பான எல்லைதான். வாட்டுக்குச் சில ரூபாய் கூடும் என்பது உண்மை. வேதாரண்யத்தில் அந்தச் சில ரூபாய் காப்பீடு போன்றது.

பட்டறைக்காரர் | 2025 ஆகஸ்ட் 15

டீச்சர் சொல்வது சரி. நான் உள்மாவட்டத்தில் இருப்பவன் என்பதால் கழற்றி இறக்குவதைப் பற்றி யோசிக்கவில்லை. மூன்று சிறிய பேனல்தான் அவருக்கு ஏற்றது. பேனலைத் தெற்குப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் வைத்தால் போதும். உங்கள் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து அத்தனை டிகிரிதான் வடக்கே இருக்கிறது, சாய்வு குறைந்தால் காற்றும் குறைவாகப் பிடிக்கும்.

ரிச்சித் தெரு வாசி | 2025 ஆகஸ்ட் 17

இழையை முழுதும் படித்தேன். சென்னையில் ரிச்சித் தெருவில் பழுதுநீக்கும் வேலை செய்கிறேன். ‘எங்கே தேடுவது’ என்ற கேள்விக்கு யாரும் இன்னும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பேட்டரியை உங்கள் ஊருக்கு அருகிலேயே, திருத்துறைப்பூண்டியிலோ நாகப்பட்டினத்திலோ வாங்குங்கள். கனமான பொருள், உத்தரவாதத்துக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது, பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கு எடைக்கு விலையும் கிடைக்கும். பேனலை ஒரு மாவட்டத் தலைநகரத்தின் மொத்த விற்பனையாளரிடம் வாங்கி, வண்டி வைத்து எடுத்து வாருங்கள்; கூரியரில் வரவழைத்தால் கண்ணாடி உடையாமல் வந்தாலும் உள்ளே செல் கீறியிருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோலர், பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர், அதை ஒயரில் நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, டி.சி. பிரேக்கர், பியூஸ், ஒயரைச் சுற்றிப் பிடித்தே ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போன்ற சிறு பொருள்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு ஒரு நாள் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

வாங்கும்போது கையில் ஒரு அளவு நாடாவும் மல்டிமீட்டரும் இருக்கட்டும். அளவு நாடா எதற்கு என்றால், பொய்யான பேனலைப் பிடிக்க அதைவிட எளிய கருவி இல்லை. ஒரு சதுர மீட்டரில் உச்சி வெயிலில் விழுவது 1000 வாட். கடையில் கிடைக்கும் நல்ல பேனல் அதில் நூற்றுக்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு பங்கை மின்சாரமாக்கும். 180 வாட் என்று ஒட்டியிருக்கும் பேனல் ஒரு மீட்டர் நீளமும் 67 செ.மீ. அகலமும்தான் இருக்கிறது என்றால், அது நூற்றுக்கு இருபத்தேழு பங்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பேனல் கடைத்தெருவில் கிடையாது. ஒட்டியிருக்கும் தாளில்தான் 180, உள்ளே இருப்பது 130. பின்பக்கத்தில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஐ.எஸ். 14286 என்ற எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு பேனலை வாசலுக்கு எடுத்துவரச் சொல்லி, வெயிலில் காட்டி, திறந்த வோல்ட்டை அளந்து பெயர்த்தகட்டோடு ஒப்பிடுங்கள். சூட்டில் கொஞ்சம் குறைந்து காட்டும், 22.4 என்று போட்டிருந்து 21 வந்தால் கவலையில்லை, 15 வந்தால் உள்ளே கோளாறு இருக்கிறது. ஆம்பியரையும் அளந்துவிடுங்கள், வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் பாதியாக இருக்கும் பேனல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கன்ட்ரோலரில்தான் ஏமாற்று அதிகம். அட்டையில் எம்.பி.பி.டி. என்று பெரிதாக அச்சடித்து உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்து விற்கிறார்கள். உண்மையான எம்.பி.பி.டி.க்குள் செம்புக் கம்பிச் சுருளும் தடித்த அலுமினியத் தகடும் இருக்கும், கையில் எடுத்தாலே கனம் தெரியும். உறுதியான சோதனை, பொருத்திய பிறகு உச்சி வெயிலில் டி.சி. கிளாம்ப் மீட்டரால் இரு பக்கமும் ஆம்பியர் பார்ப்பது. பேட்டரிப் பக்க ஆம்பியர் பேனல் பக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வர வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே ஆம்பியர் என்றால் நீங்கள் வாங்கியது எம்.பி.பி.டி. இல்லை. பில்லில் ‘எம்.பி.பி.டி.’ என்று எழுதி வாங்குங்கள்.

கடலோரம் | 2025 ஆகஸ்ட் 18

அண்ணே, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அச்செடுத்து வைத்துக்கொண்டேன். பேட்டரி மட்டும் குழப்புகிறது. லித்தியம் வாங்கினால் பத்தாண்டு கவலையில்லை என்கிறார் ஒருவர். எங்கள் ஊரில் யாருக்கும் அதைப் பழுதுபார்க்கத் தெரியாது என்கிறார் இன்னொருவர்.

கணக்கு டீச்சர் | 2025 ஆகஸ்ட் 19

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்குங்கள் என்பதே என் கருத்து. 25.6 வோல்ட் 100 ஏ.எச். என்றால் 2560 வாட் மணி. அதில் நூற்றுக்கு எண்பது பங்கைத் தயங்காமல் எடுக்கலாம்; ஏறத்தாழ இரண்டு நாள் மழையைத் தாங்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, அமில ஆவி இல்லை, இரண்டாயிரம் முறைக்கு மேல் நிரப்பி இறக்கலாம். என் வீட்டில் முதல் இரண்டு ஆண்டு லெட் ஆசிட்தான் இருந்தது. கோடையில் அறைச் சூடு ஏற ஏற அதன் ஆயுள் கரைவதைக் கண்முன்னே பார்த்தேன்.

பட்டறைக்காரர் | 2025 ஆகஸ்ட் 19

டீச்சர் சொல்லும் ஒவ்வொன்றும் உண்மை. இருந்தாலும் தம்பியின் நிலைமை வேறு. டீச்சர் நாள்தோறும் பேட்டரியில் வாழ்கிறார். தம்பிக்கு ஆண்டில் பெரும்பாலான நாள் வாரியக் கரண்ட் இருக்கும். நிரம்பிய நிலையிலேயே காத்துக் கிடக்கும் வேலைக்கு ட்யூபுலர் (குழாய்வடிவத் தகடு கொண்ட) லெட் ஆசிட் நன்றாகவே ஈடுகொடுக்கும். அதோடு லித்தியத்துக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் ஒரு கோளாறால் வெட்டிவிட்டால், புயல் இரவில் வேதாரண்யத்தில் அதை யார் திறந்து பார்ப்பார்கள்? லெட் ஆசிட் என்றால் சைக்கிள் கடை வைத்திருப்பவர்கூட அமில அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்வார்.

ட்யூபுலர் வாங்கினால் லேபிளில் ‘சி10’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே 100 ஏ.எச். ‘சி20’ என்று போட்டிருந்தால் அது இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. பத்து மணி நேரத்தில் எடுத்தால் குறைவாகத்தான் வரும். டிஸ்டில்டு வாட்டர் மட்டமும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். படுக்கையறையில் வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வரும்.

ஓய்வுபெற்ற பொறியாளர் | 2025 செப்டம்பர் 5

தம்பி, இன்னும் வாங்கவில்லை என்றால் இரண்டு வாரம் பொறுங்கள். செப்டம்பர் 3 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவின்படி 22ஆம் தேதி முதல் சோலார் பேனலுக்கு வரி 12இலிருந்து 5 சதவீதமாகவும், லெட் ஆசிட் பேட்டரிக்கு 28இலிருந்து 18 சதவீதமாகவும் குறைகிறது. பில்லில் புதிய வரி போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரேக்கர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டு மெயின் போர்டில் மிஞ்சியிருக்கும் ஏ.சி. பிரேக்கரை (எம்.சி.பி.) பேனல் லைனில் போட்டுவிடாதீர்கள். ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொட்டுச் செல்வதால் பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். டி.சி. அப்படித் தொடுவதே இல்லை. பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும், பெட்டியே உருகும். டி.சி. என்று அச்சிட்ட இருமுனைப் பிரேக்கர் வாங்கி, அதில் காட்டியிருக்கும் கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றாமல் இணையுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 63 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம்.

கணக்கு டீச்சர் | 2025 செப்டம்பர் 6

உப்புக்காற்றைப் பற்றி யாராவது சொல்வார்களா?

பட்டறைக்காரர் | 2025 செப்டம்பர் 6

சொல்கிறேன். கோடியக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டே ஆண்டான அமைப்பைத் திறந்து பார்த்தேன். சாதாரண வீட்டு ஒயரையே பேனலுக்கு இழுத்திருந்தார்கள். இன்சுலேஷனை உரித்தபோது செம்புக் கம்பி முழுதும் பச்சைக் களிம்பு பூத்து, விரலால் நெருடினால் மாவாக உதிர்ந்தது. முனையில் மட்டுமில்லை, உள்ளே ஒரு முழம் வரை அப்படியே போயிருந்தது. சோலாருக்கென்றே விற்கும் ஒயரில் ஒவ்வொரு இழையும் வெள்ளீயம் பூசியிருக்கும், பார்க்க வெள்ளி நிறமாக இருக்கும். மேலுறையும் வெயிலைத் தாங்கும். மீட்டருக்கு இருபது முப்பது ரூபாய் கூடுதல் என்று பார்க்காதீர்கள்.

ஸ்டாண்டுக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. இரும்பு ஆங்கிளும், எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டும் கேளுங்கள். ஆங்கிளில் துளையெல்லாம் போட்ட பிறகு முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும்; முக்கி எடுத்த பிறகு துளை போட்டால் அந்தத் துளையிலிருந்தே துரு தொடங்கும். கன்ட்ரோலரைக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.

கடலோரம் | 2025 அக்டோபர் 12

பொறுமையாகக் காத்திருந்த அனைவருக்கும் வணக்கம். எல்லாம் வாங்கிப் பொருத்தி ஒரு வாரம் ஆகிறது.

180 வாட் பேனல் மூன்று 18,600. சி10 ட்யூபுலர் 100 ஏ.எச். இரண்டு, தொடரில் 24 வோல்ட்டாக, 22,000. 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. 5,500. தூய சைன் அலை 1000 வாட் இன்வெர்ட்டர் 8,000. பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு 5,800. ஒயர், பிரேக்கர், பியூஸ், ஸ்டாண்டு, போல்ட் எல்லாம் 6,500. மொத்தம் 66,400. ஆறாயிரம் கூடிவிட்டது, தங்கை கொடுத்தாள். டீச்சர் அக்கா என்னை மன்னிக்க வேண்டும், லித்தியத்துக்குப் பணம் எட்டவில்லை.

நாகப்பட்டினத்தில் இரண்டாவது கடையில் அளவு நாடா வேலை செய்தது. 180 வாட் என்று காட்டிய பேனல் 105 செ.மீ.க்கு 66 செ.மீ. இருந்தது. நான் நாடாவை விரித்ததும் கடைப்பையன் உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தான். அவர் ஒன்றும் பேசாமல் வேறொரு பேனலை எடுத்துவரச் சொன்னார். அது 148க்கு 67. வாசலில் வெயிலில் வைத்து அளந்தேன், 21.3 வோல்ட். மூன்றையும் அப்படி அளந்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

ரிச்சித் தெரு அண்ணன் சொன்ன சோதனையை நேற்று உச்சிப்பொழுதில் செய்தேன். பேனல் பக்கம் 52 வோல்ட், 8.1 ஆம்பியர். பேட்டரிப் பக்கம் 26.6 வோல்ட், 15.1 ஆம்பியர்.

ரிச்சித் தெரு வாசி | 2025 அக்டோபர் 12

421 வாட் உள்ளே, 402 வாட் வெளியே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. உண்மையான எம்.பி.பி.டி.தான் தம்பி, நிம்மதியாக இருங்கள். 540 வாட் பேனல் 421 தருவதும் சரியான அளவே. வெயிலில் பேனல் சூடேறினால் அப்படித்தான் குறையும்.

கணக்கு டீச்சர் | 2025 அக்டோபர் 13

மன்னிக்க என்ன இருக்கிறது தம்பி? உங்கள் பணத்துக்கும் ஊருக்கும் பொருந்தியதை வாங்கியிருக்கிறீர்கள். பேனல் லைனில் தென்னையோலை நிழல் எதுவும் விழுகிறதா என்று காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொடரில் இருக்கும்போது ஒரு பேனலில் ஓர் ஓலை நிழல் விழுந்தால் மற்றவையும் அடிபடும்.

கடலோரம் | 2025 டிசம்பர் 7

நிழலைப் பற்றி அக்கா சொன்னது சரியாக இருந்தது. மூன்று மணிக்கு மேல் மேற்குப் பக்கத் தென்னையின் நிழல் கடைசிப் பேனலில் விழுந்தது. இரண்டு மட்டைகளை வெட்டினேன்.

கார்த்திகை மழையில் எச்சரிக்கை வந்த மாலையில் மூன்று பேனலையும் நான் ஒருவனாகவே கழற்றினேன். முதலில் டி.சி. பிரேக்கரை நிறுத்தி, கனெக்டர்களைப் பிரித்து, பன்னிரண்டு போல்ட்டுகளையும் ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் ஆனது. பேனல்களைப் போர்வை சுற்றி அம்மாவின் கட்டிலுக்கடியில் செருகி வைத்தேன். அன்று இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது; மூன்றாம் நாள் காலையில்தான் வந்தது.

பேனலே இல்லாமல் பேட்டரியில் மட்டும் ஓட்டினோம். டி.வி. போடவில்லை, ஒரு ஃபேன், இரண்டு பல்பு, கைப்பேசி. பகலில் இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் காலை பேட்டரி 24.4 வோல்ட் காட்டியது. அம்மா இரண்டு இரவும் தூங்கினார்.

இப்போது ஒரு சந்தேகம். பேனல்களைத் திரும்பப் பொருத்திய பின், பேட்டரி நெகட்டிவ் முனையின் லக் (ஒயர் நுனியில் பொருத்திய உலோக வளையம்) மட்டும் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறது. பாசிட்டிவ் பக்கம் அப்படி இல்லை.

பட்டறைக்காரர் | 2025 டிசம்பர் 7

இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், பேனல் பிரேக்கரை நிறுத்துங்கள், பேட்டரி பியூஸைக் கழற்றுங்கள், இந்த வரிசையில். பிறகு அந்த லக்கைக் கழற்றி உப்புத்தாளால் இரு முகமும் பளபளவென்று தேய்த்து, ஒயரை லக்கில் கிரிம்ப் செய்த இடத்தை இழுத்துப் பாருங்கள். அசைந்தால் வெட்டிப் புது லக் போட வேண்டும். இறுக்கிய பின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மீண்டும் இணைக்கும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில்.

கடலோரம் | 2025 டிசம்பர் 8

லக் அசைந்தது அண்ணே. கிரிம்ப் சரியாக விழவில்லை. புதிது போட்டு ஒரு மணி நேரம் இரண்டு ஃபேனையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முனையும் குளிர்ந்தே இருக்கின்றன.